மாயன் டூர்: ஷோரெக்ஸ் டெஸ்க்கில் முன்னுக்கு வர ஒரு கையேடு

"மாயன் இடிபாடு ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்த டூர் நல்லது?"

மேற்குக் கரீபியன் ரூட்டில் ஓடும் கப்பலில், ஷோர் எக்ஸ்கர்ஷன் (ஷோரெக்ஸ்) டெஸ்க்கில் நிற்பவர்கள் தினமும் எதிர்கொள்ளும் கேள்வி இது. கோசுமெல், கோஸ்டா மாயா, ப்ரொக்ரெசோ, பெலீஸ் சிட்டி என்று அந்த ரூட்டின் முக்கியமான நிறுத்தங்கள் பழைய மாயன் நாட்டின் கரையோரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் நிற்கும் சக ஊழியரிடமும் கெஸ்ட்டுகள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிலர் ப்ரோஷரில் இருப்பதையே வாசித்துக் காட்டுவார்கள். சிலர் விலை கூடிய டூரைத் தலையில் கட்டிவிடுவார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் முந்திப் போக ஒரு வழி இருக்கிறது. கெஸ்ட்டின் நேரத்தையும் முழங்காலையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற இடத்தை எடுத்துக் கொடுங்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? தவறான டூருக்குப் போய் வந்தவர் மாலையில் உங்கள் டெஸ்க் முன்னால்தான் வந்து நிற்பார். ரீஃபண்ட் கேட்பார், கொடுக்காவிட்டால் கெஸ்ட் சர்வீஸுக்குப் போவார். பயணம் முடியும்வரை அவரைத் தவிர்க்கவும் முடியாது. சரியான டூருக்குப் போய் வந்தவர் அடுத்த போர்ட்டுக்கும் உங்களையே தேடி வருவார். கடைசி நாள் ஃபீட்பேக்கில் உங்கள் பெயரை எழுதுவார். டார்கெட், ரேட்டிங், ப்ரொமோஷன் எல்லாம் அந்த ஒரு வரியில் கலந்திருக்கிறது.

1. கணக்கைக் கடிகாரத்தில் தொடங்குங்கள்

பிரமிட்டின் உயரம் எல்லோருக்கும் தெரியும், ஃபோனில் தேடினால் வந்துவிடும். போர்ட்டில் உண்மையில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவர்தான் டெஸ்க்கில் மதிப்புப் பெறுகிறார்.

ஒரு மாதிரிக் கணக்கு. கப்பல் காலை 8 மணிக்கு கோசுமெலில் கட்டுகிறது. ஆல் அபோர்டு, அதாவது எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம், மாலை 4.30. பார்த்தால் எட்டரை மணி நேரம். கெஸ்ட் கப்பலை விட்டு இறங்கி, குழுவோடு சேர்ந்து, நகரத் தொடங்க அரை மணிக்கு மேல் ஆகும். கடைசியில் ஒரு மணி நேரமாவது கையிருப்பாக வைக்க வேண்டும். மிஞ்சுவது ஏழு மணிக்கும் குறைவு. தூலும் போக வேண்டுமென்றால் கோசுமெல் தீவிலிருந்து ப்ளாயா தெல் கார்மெனுக்கு ஃபெரியில் சுமார் 45 நிமிடம், அங்கிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போகவர இது மட்டும் மூன்றரை மணி நேரம். ஃபெரிக்கும் பஸ்ஸுக்கும் காத்திருப்பதைச் சேர்த்தால், இடிபாட்டில் நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான். இதை கெஸ்ட்டிடம் விற்பனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் வாங்கமாட்டார்கள் என்று பயப்படத் தேவையில்லை. தெரிந்து வாங்கியவர் புகார் சொல்வது குறைவு.

அடுத்தது நேர மண்டலம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுமாறும் இடமும், கெட்டிக்காரர்கள் முத்திரை பதிக்கும் இடமும் இதுதான். கோசுமெலும் தூலுமும் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015-ல் கிழக்கு நேரத்துக்கு மாறியது, ஆண்டு முழுவதும் அதே நேரம்தான். ப்ரொக்ரெசோவும் சிச்சென் இட்சாவும் இருக்கும் யுகடான் மாநிலம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். பெலீஸும் அப்படியே. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-ல் கோடைக் கால நேரத்தைக் கைவிட்டுவிட்டது, அமெரிக்கா இன்னும் விடவில்லை. அதனால் மயாமியிலிருந்து கிளம்பும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வந்தால், குளிர்காலத்தில் கப்பல் நேரமும் கோசுமெல் நேரமும் ஒன்றாக இருக்கும். கோடையில் கோசுமெல் ஒரு மணி நேரம் பின்தங்கும். பெலீஸ் என்றால் கோடையில் இரண்டு மணி நேர வித்தியாசம். கரையில் இறங்கிய ஃபோன் தானாக உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். அதில் மணி மூன்றரை என்று பார்த்து நிதானமாக ஐஸ்க்ரீம் சாப்பிடுபவருக்கு, கப்பலில் நாலரை ஆகிவிட்டது என்று யார் சொல்வது? நீங்கள்தான். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு போர்ட்டுக்கும் முதல் நாள் இரவே கப்பல் நேரம் என்ன, ஊர் நேரம் என்ன என்று எழுதி டெஸ்க்கில் ஒட்டிவிடுங்கள். சூப்பர்வைசர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒட்டியவர் யார் என்று அவர் கேட்பார்.

2. பதில் சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்

"கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தீர்கள்?" "பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்காருவது சிரமமா?" "பார்க்க விரும்புவது பெரிய பெயரையா, அமைதியான இடத்தையா?"

முதல் கேள்வியை இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. "நடக்க முடியுமா?" என்று நேராகக் கேட்டால் எழுபது வயதுக்காரரும் "ஏன் முடியாது?" என்பார். மாயன் தளங்களின் தரை கெஸ்ட்டுகள் நினைப்பதுபோல் சமமாக இருக்காது. சுண்ணாம்புக் கல், மரவேர், மழை பெய்தால் வழுக்கும் படி. நிழல் சில இடங்களில் மட்டும். தூலுமில் மரநிழல் மிகவும் குறைவு, கடற்காற்று இருந்தாலும் வெயில் தலையில்தான் இறங்கும். இதையெல்லாம் மாற்றவும் முடியாது, தள்ளுபடியும் கொடுக்க முடியாது.

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பாதித் தேர்வை முடித்துக் கொடுக்கும். கூட்டத்தோடு நின்றாலும் பரவாயில்லை, ஊர் உலகத்துக்குத் தெரிந்த இடத்தில் ஃபோட்டோ வேண்டும் என்பவர்கள் ஒரு வகை. யாருமில்லாத காட்டுக்குள் ஒரு கல்மேட்டின் முன்னால் நிற்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டும் நியாயமான ஆசைதான். ஒருவரை மற்றவரின் பஸ்ஸில் ஏற்றிவிட்டால்தான் சிக்கல்.

3. போர்ட் வாரியாகத் தளங்களை மனப்பாடம் செய்யுங்கள்

கோசுமெல். தீவிலேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இக்ஷெல் என்ற பெண் தெய்வத்தின் தலம், மாயன் பெண்கள் கடல் கடந்து யாத்திரை வந்த இடம். கட்டடங்கள் சிறியவை, ஓங்கி நிற்கும் பிரமிட் கிடையாது. அதைச் சொல்லாமல் விற்றால் "இவ்வளவுதானா?" என்று திரும்பி வருவார்கள். ஃபெரி வேண்டாம், அரை நாளில் முடிய வேண்டும், மதியம் கடற்கரைக்கும் போக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. தூலும் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுவரை செழித்த துறைமுக நகரம். மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் கடல். 1518-ல் ஸ்பானியத் தளபதி ஹுவான் தெ கிரிஹால்வாவின் கப்பல்கள் இந்தக் கரையோரமாக வந்தன. காட்சிக்காக ஒரே ஒரு டூர்தான் முடியும் என்று சொல்கிற கெஸ்ட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தூலுமைத்தான் சொல்வேன். ஆனால் குளிர்காலத்தில் வடக்குக் காற்று வீசும் நாட்களில் ஃபெரி ஆடும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையைக் காலையிலேயே போடச் சொல்லுங்கள்.

கோசுமெலிலிருந்து சிச்சென் இட்சாவா? ஃபெரி 45 நிமிடம், பிறகு பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரம். போகவர ஆறரை மணி நேரம் பயணத்திலேயே போகும். கப்பல் இரவுவரை நிற்கும் நாளில் மட்டும் இதைப் பேசுங்கள். அதுவும் பெரிய பெயர்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னவரிடம் மட்டும். இந்த ரூட்டில் ப்ரொக்ரெசோவும் இருந்தால், "இரண்டு நாள் பொறுங்கள், அங்கிருந்து போனால் பயண நேரம் குறைவு" என்று சொல்லுங்கள். இன்றைய விற்பனை ஒன்று போகும். அந்த கெஸ்ட் பயணம் முழுவதும் உங்கள் கணக்கில் வந்துவிடுவார்.

ப்ரொக்ரெசோ. ஆறு கிலோமீட்டருக்கும் மேல் கடலுக்குள் நீளும் பியர் இங்கே இருக்கிறது. கரையில் நீர் ஆழமே இல்லாததால் அப்படிக் கட்ட வேண்டியதாயிற்று. கப்பலிலிருந்து ஊருக்கே பஸ்ஸில்தான் வர வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். சிச்சென் இட்சா இங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம். 1988 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தளம், 2007-ல் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. நடுவில் நிற்கும் எல் காஸ்டியோ பிரமிட்டின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சி மேடையைச் சேர்த்தால் 365. சம இரவு நாட்களின் மாலையில் படிக்கட்டு ஓரம் பாம்பு நெளிந்து இறங்குவதுபோல் நிழல் விழும். அந்த நாட்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உஷ்மால் என்னுடைய தனிப்பட்ட சிபாரிசு. ப்ரொக்ரெசோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுமார் 35 மீட்டர் உயர மந்திரவாதி பிரமிட்டின் அடித்தளம் சதுரமாக இல்லாமல் வளைந்த வடிவத்தில் இருக்கும். ஆளுநர் மாளிகையின் மேற்பகுதி முழுக்கச் செதுக்கிப் பொருத்திய கல் வேலைப்பாடு. ஆறே இல்லாத பூமி அது. மழைநீரை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்துக் குடித்த மக்கள், மழைத் தெய்வம் சாக்கின் முகத்தைச் சுவரெங்கும் வைத்திருக்கிறார்கள். சிச்சென் இட்சாவைவிடக் கூட்டம் குறைவு, நினைவுப் பொருள் கடைக்காரர்களின் கூவலும் குறைவு. கட்டடக் கலை, ஓவியம், ஃபோட்டோகிராஃபி என்று பேச்சில் ஒரு சொல் வந்தாலும் போதும், அந்த கெஸ்ட்டை உஷ்மாலுக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாத இடத்தை நம்பிக்கையோடு விற்பதுதான் டெஸ்க்கில் ஒருவருடைய திறமைக்கு உண்மையான சோதனை. சிச்சென் இட்சாவை யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

நேரம் இல்லாதவர்களுக்கு த்சிபில்சால்துன், ப்ரொக்ரெசோவிலிருந்து அரை மணி நேரத்துக்குள். ஏழு களிமண் பொம்மைகள் கிடைத்ததால் பெயர் பெற்ற கோயில் அங்கே இருக்கிறது. சம இரவு நாளில் உதிக்கும் சூரியன் அதன் வாசலில் நேராக நிற்கும்.

கோஸ்டா மாயா. இங்கே குழப்பமே வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு சக்சோபென்தான். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், காட்டு மரங்களின் நிழல், கூட்டமும் சமாளிக்கக் கூடியது. பொதுமக்களுக்குத் திறந்ததே 2002-ல்தான். முதல் முறையாக மாயன் இடிபாடு பார்க்கும் குடும்பம், குழந்தைகள், தாத்தா பாட்டி எல்லோரும் ஒன்றாகப் போக இது தோதானது. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர் கேட்டால் கொஹுன்லிச்சைச் சொல்லுங்கள், அங்கே கோயில் படிக்கட்டின் இரு புறமும் பெரிய பெரிய சுதை முகங்கள் இருக்கின்றன. தூரம் அதிகம், நாள் முழுவதும் போய்விடும்.

பெலீஸ் சிட்டி. கப்பல் கரைக்கு வராது, கடல் ஆழமில்லை. டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும், அதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வரிசையில் நிற்கும் நேரம் தனி. இந்தத் தாமதத்தை மறந்துவிட்டுத்தான் பல பேர் இங்கே அகலக் கால் வைக்கிறார்கள். அல்துன் ஹா சுமார் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சூரியத் தெய்வத்தின் தலையாகச் செதுக்கிய, 4.4 கிலோ எடையுள்ள ஜேட் கல் 1968-ல் கிடைத்தது இங்கேதான். பெலீஸின் பெலிகின் பீர் பாட்டிலில் இருக்கும் கோயில் படமும் இந்த ஊருடையது. மாலையில் பாரில் அந்த பாட்டிலைக் கையில் பிடிக்கும் கெஸ்ட், நீங்கள் சொன்னதை நினைத்துக்கொள்வார்.

லமனாய் போவதென்றால் நியூ ரிவரில் படகுப் பயணம். முதலை, பறவை, ஆற்றோரக் காடு எல்லாம் வழியிலேயே. போய்ச் சேர்ந்தால் 33 மீட்டர் உயரக் கோயிலும், சுவரில் முகம் செதுக்கிய கோயிலும். இடிபாட்டில் ஆர்வமில்லாத கணவரோ மனைவியோ கூட வரும்போது இதைத்தான் பரிந்துரைப்பேன், ஒருவருக்குப் படகு, மற்றவருக்குக் கல். நாள் முழுவதும் பிடிக்கும் என்பதை மறைக்காதீர்கள். ஷுனந்துனிச் குவாத்தமாலா எல்லைக்கு அருகில், போக மட்டும் இரண்டு மணி நேரம். சுமார் 40 மீட்டர் உயர எல் காஸ்டியோவின் மேலிருந்து அடுத்த நாடு தெரியும். உடல் திடமும் கப்பலின் நீண்ட நிறுத்தமும் இரண்டும் இருந்தால் மட்டும்.

குவாத்தமாலாவின் சாந்தோ தோமாஸில் கப்பல் நின்றால் கிரிகுவாவை மறக்காதீர்கள். 1981 முதல் யுனெஸ்கோ தளம். சுற்றிலும் வாழைத் தோட்டம், நடுவில் புல்வெளி, அதில் நெடுநெடுவென்று நிற்கும் கல்தூண்கள். கி.பி. 771-ல் நிறுத்திய ஒரு தூண் 10 மீட்டருக்கும் நீளமானது. தளம் சமதரை. மூட்டுவலிக்காரர்களிடம் தயங்காமல் சொல்லக்கூடிய சில இடங்களில் இது ஒன்று, பஸ் பயணத்தைத் தாங்க முடிந்தால்.

4. ஏறலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

கெஸ்ட்டுகளின் மனதில் பழைய ஃபோட்டோக்கள் பதிந்திருக்கின்றன. பெற்றோர் சிச்சென் இட்சாவில் எல் காஸ்டியோவின் உச்சியில் நிற்கும் படத்தைக் காட்டுவார்கள். அந்தப் பிரமிட்டில் ஏறுவதற்கு 2006-லேயே தடை வந்துவிட்டது. தூலுமிலும் ஏற முடியாது. பெலீஸில் அல்துன் ஹா, லமனாய், ஷுனந்துனிச் மூன்றிலும் ஏற வாய்ப்பு உண்டு. "ஏறியே ஆக வேண்டும்" என்கிற இளைஞர்களை பெலீஸுக்குத் திருப்புங்கள். எந்த இடத்தின் விதியும் ஒரு சீசனில் மாறலாம் என்பதால், அன்றைய நிலவரத்தை உள்ளூர் டூர் ஆபரேட்டரிடம் கேட்காமல் "கண்டிப்பாக ஏறலாம்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், பெரிய சண்டையாக முடிபவை. மெக்சிகோவின் தொல்லியல் தளங்களில் ட்ரோன், ட்ரைபாட் வேண்டுமென்றால் முன் அனுமதி தேவை. ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டு மக்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் அலைமோதும். பழம்பொருள் என்று யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது. மெக்சிகோவின் 1972 சட்டப்படி தொல்பொருட்கள் நாட்டின் சொத்து, வெளியே கொண்டு போவது குற்றம். விற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் போலிதான், நிஜமாக இருந்தால் இன்னும் ஆபத்து. ஜூன் முதல் நவம்பர்வரை புயல் சீசன், போர்ட்டே ரத்தாகலாம். கேன்சல் ஆனால் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்ற விதியைச் சீட்டைப் பார்க்காமல் சொல்லும் அளவுக்குத் தெரிந்து வைத்திருங்கள்.

5. "வெளியே மலிவாகக் கிடைக்கிறதே?" என்றால்

இது வரும். வந்தே தீரும். உள்ளூர் ஆட்களைத் திட்டி பதில் சொன்னால் நீங்கள் தோற்றீர்கள், ஏனென்றால் கப்பலின் டூரை நடத்துவதும் உள்ளூர் நிறுவனம்தான். அந்த கெஸ்ட்டுக்கும் அது தெரிந்திருக்கலாம்.

நேராகப் பேசுங்கள். கப்பல் மூலம் புக் செய்த டூர் தாமதமானால் அதைக் கவனிப்பது கப்பலின் பொறுப்பு. தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது, அடுத்த போர்ட்டுக்குப் போய்ச் சேரும் செலவும் அவர் தலையில். பிறகு தூரத்தைக் கொண்டு முடிவெடுக்க உதவுங்கள். சான் ஹெர்வாசியோ தீவுக்குள்ளேயே இருக்கிறது, டாக்ஸியில் போய் வருவதில் ரிஸ்க் குறைவு. அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஃபெரி குறுக்கிடும் தூலும், டெண்டர் குறுக்கிடும் பெலீஸ், நெடுந்தூரமான சிச்சென் இட்சா மூன்றுக்கும் கப்பல் டூர்தான் பாதுகாப்பு என்று அடுத்த மூச்சில் சொல்லுங்கள். முதல் விஷயத்தில் உண்மை பேசிய உங்களை இரண்டாவதிலும் நம்புவார்கள். சின்ன டூர் போனாலும் பெரிய டூர் உங்களிடம் வரும்.

6. தளத்துக்கு ஒரு கதை போதும்

போர்ட் டாக்கில், அதாவது வரப்போகும் போர்ட்டைப் பற்றிக் கப்பலில் கொடுக்கும் பேச்சில், ராஜாக்களின் பட்டியலை ஒப்பிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்தாவது நிமிடத்தில் அரங்கு காலியாகும். ஒரு தளத்துக்கு ஒரே கதை, ஒரே எண், ஒரே படம். கிரிகுவாவுக்கு இப்படி: சிறிய ஊராக இருந்த கிரிகுவாவின் அரசர், கி.பி. 738-ல் தனக்கு மேலதிகாரியாக இருந்த கோபான் நகர அரசரைப் பிடித்துத் தலையை வெட்டினார், அதன் பிறகுதான் அந்த உயரமான தூண்கள் எழுந்தன. ப்ரொக்ரெசோவுக்கு இன்னொன்று: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்த விண்கல் விழுந்த பள்ளம் இந்தக் கரைக்குக் கீழேதான் புதைந்திருக்கிறது. அருகிலுள்ள சிக்சுலுப் என்ற சிற்றூரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். யுகடானின் செனோட்டே எனும் நீர்க்குழிகள் பல அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வளையமாக அமைந்திருக்கின்றன. ஆறு இல்லாத நிலத்தில் அவற்றை நம்பித்தான் பல நகரங்கள் எழுந்தன.

படிக்க வேண்டியது அதிகம் இல்லை. ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸ் 1841-லும் 1843-லும் வெளியிட்ட பயண நூல்கள், அவற்றில் ஃப்ரெடெரிக் கேதர்வுட் வரைந்த படங்கள், மைக்கேல் கோ எழுதிய மாயன் வரலாறு. ஓய்வு நேரத்தில் படித்தாலும் ஒரு கான்ட்ராக்ட்டுக்குள் முடிந்துவிடும். டெஸ்க்கில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கு நல்லது.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. "மறைந்துபோன மாயன்கள்" என்ற சொற்றொடரை மைக்கில் சொல்லாதீர்கள். பல நகரங்கள் கைவிடப்பட்டன, மக்கள் மறையவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸில் இன்று லட்சக்கணக்கானவர்கள் மாயன் மொழிகளைப் பேசுகிறார்கள். கெஸ்ட்டை ஏற்றிப் போகும் டிரைவரும், சூரியத் தெய்வத்தைப் பற்றி விளக்கும் கைடும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் முன்னால் அவருடைய மக்களை அழிந்துபோனவர்களாகப் பேசுவது மரியாதைக் கேடு. வேற்றுக் கிரகத்தவர் கட்டினார்களா என்று கேட்கிற கெஸ்ட்டுக்கும் இதே நிதானத்தில் பதில் சொல்லலாம்: கல்வெட்டுகளைப் படித்துவிட்டார்கள், கட்டியவர்களின் பெயரும் தேதியும் அதிலேயே இருக்கின்றன.

7. பியரில் உங்களைப் பார்க்கிறார்கள்

விற்பனை டெஸ்க்கில் முடிந்தாலும், மதிப்பீடு டிஸ்பாட்ச்சில் நடக்கிறது. காலையில் பியரில் நின்று, ஸ்டிக்கர் ஒட்டி, குழு எண்ணைத் தூக்கிப் பிடித்து, பஸ் பஸ்ஸாகப் பிரித்து அனுப்பும் வேலை. இதில் தடுமாறாதவர்களை மேனேஜர் கவனிக்கிறார், உள்ளூர் ஆபரேட்டரும் கவனிக்கிறார். சீருடை கசங்காமல் இருக்கட்டும். பெயர்ப் பட்டை நேராக இருக்கட்டும். தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை மூன்றையும் கெஸ்ட்டிடம் கேட்ட பிறகே பஸ்ஸில் ஏற்றுங்கள். ஸ்பானிஷில் வணக்கம், நன்றி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்ற அளவுக்காவது பேசக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைவிட ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற போட்டியாளரைப் பின்னால் தள்ளும் திறமை இது. பஸ் டிரைவரிடம் நேராகப் பேச முடிகிறவருக்குத்தான் நெருக்கடியில் முதல் அழைப்பு வரும்.

8. இன்னும் கப்பல் ஏறாதவர்களுக்கு

ஷோரெக்ஸ் வேலைக்கு நேராக ஆள் எடுப்பது குறைவு. கெஸ்ட் சர்வீஸ், ரெஸ்டாரன்ட், ஹவுஸ்கீப்பிங் என்று ஏதாவது ஒரு வாசலில் நுழைந்து, உள்ளே இருந்து மாறுவது நடைமுறைக்கு ஒத்த வழி. உள்ளே போனதும் க்ராஸ் ட்ரெய்னிங் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். உங்கள் பிரேக் நேரத்தில் டிஸ்பாட்ச்சுக்கு உதவ முன்வாருங்கள்.

காகிதங்கள்: எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, கடலோடிகளுக்கான சி.டி.சி. புத்தகம், மருத்துவச் சான்று, அமெரிக்கத் துறைமுகத்துக் கப்பல் என்றால் சி1/டி விசா. இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக் கணக்கில் பணம் கேட்பவரிடமிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்டர்வியூவில் "ஏன் ஷோர் எக்ஸ்கர்ஷன்?" என்று கேட்டால் "பயணம் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். கோசுமெலில் எட்டரை மணி நேர நிறுத்தத்தில் தூலுமை எப்படிக் கணக்குப் போட்டு விற்பீர்கள் என்று சொல்லுங்கள்.

9. மாலையில் கேங்வேயில் நில்லுங்கள்

டூர் முடிந்து திரும்புகிறவர்களிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: தளத்தில் எவ்வளவு நேரம் கிடைத்தது, எங்கே அதிகம் காத்திருந்தீர்கள், வேறு யாருக்கு இதைச் சொல்வீர்கள். அன்றிரவே நோட்டில் எழுதிவிடுங்கள். எந்த மாதத்தில் ஃபெரி ஆடுகிறது, எந்தக் கைடின் குழு சிரித்துக்கொண்டு இறங்குகிறது, எந்தத் தளத்தில் கழிப்பறை வரிசை அரை மணி நேரத்தைத் தின்கிறது என்பதெல்லாம் ப்ரோஷரில் வராது. ஒரு கான்ட்ராக்ட் முடிவதற்குள் அந்த நோட்டு டெஸ்க்கில் யாரிடமும் இல்லாத சரக்காகிவிடும். அதை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொன்னால் போதும், பதில் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கான்ட்ராக்ட் முடியும் தறுவாயில் மேனேஜர் உங்களை அழைத்து மதிப்பீடு சொல்வார். அப்போது சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அடுத்த முறை பெலீஸ் போர்ட் டாக்கை எனக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். டெண்டர் வரிசை, மூன்று வெவ்வேறு தூரத்தில் மூன்று தளம், ஏறலாமா கூடாதா என்ற கேள்வி, இரண்டு மணி நேரம்வரை விலகும் கடிகாரம் எல்லாம் சேர்ந்த போர்ட் அது. டெஸ்க்கில் பலரும் அதிலிருந்து நழுவப் பார்ப்பார்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள்.